லாரி வருவதற்கு முன் 1,450 சொற்கள்: ஒரு சிறுகதையின் தொடக்கம் திருத்தப்பட்ட விதம்

பின்னணி

ஒரு சிறுபத்திரிகைக்கு வந்த சிறுகதையின் தொடக்கம் மூன்று வடிவங்களில் எப்படி மாறியது என்பதன் பதிவு இது. எழுதியவர் ஒரு பெண். முன்பே சில கதைகள் அச்சில் வந்தவர். தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடை, தருவைகுளம் பக்கத்து உப்பளங்களை நன்கு அறிந்தவர். பத்திரிகைத் தரப்பில் ஆசிரியரும் துணை ஆசிரியரும் இதில் பங்கெடுத்தார்கள்.

கதையின் கரு சிறியது. உப்பளத்துக்குப் போகும் சாலையில் ஒரு லாரி எடைமேடை. அதில் எடை போட்டுச் சீட்டு அடித்துக் கொடுப்பவள் கதையின் மையப் பெண். உப்பு வாங்கும் வியாபாரியின் பத்துச் சக்கர லாரி காலியாக வந்து முதலில் எடை போடும். அளத்துக்குப் போய் உப்பு ஏற்றித் திரும்பி வந்து மறுபடி எடை போடும். மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் உப்பின் எடை. இதில் ஒரு பழைய தில்லுமுல்லு உண்டு. காலி எடை போடும்போது லாரிக்குள் 200 லிட்டர் பேரல் நிறையத் தண்ணீரும் இரண்டு ஆட்களும் இருப்பார்கள். எடை போட்ட பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டு, பேரலையும் ஆட்களையும் இறக்கிவிடுவார்கள். பேரலோடு தண்ணீர் ஏறத்தாழ 220 கிலோ, இரண்டு ஆட்கள் 120 கிலோ என்றால், உப்பு விற்பவருக்கு 340 கிலோவுக்குக் காசு வராது. டன் 2,000 ரூபாய் என்று கதைக்குள் வைத்திருக்கும் விலைக்கு அது 680 ரூபாய். அந்த லாரியை ஓட்டி வருபவன் அவளுடைய கூடப் பிறந்த அண்ணன். அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனும் அவனே. கடைசிப் பக்கத்தில் அவள் சீட்டு அடிக்காமல் நிறுத்தி, “உள்ள இருக்கவங்கள எறங்கச் சொல்லுங்கண்ணே” என்கிறாள். கதை அங்கே முடிகிறது.

முடிவு நன்றாக இருக்கிறது என்பதில் குழுவில் இருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அந்த முடிவு வரை யாரும் படிப்பார்களா என்பதுதான் சந்தேகம்.

கைப்பிரதி வந்தபோது இருந்த நிலை

முழுக் கதை சுமார் 3,600 சொற்கள். லாரி மேடையில் ஏறுவது 1,450-ஆவது சொல்லுக்குப் பக்கத்தில். அதாவது கதையில் ஐந்தில் இரண்டு பங்கு முடிந்த பிறகுதான் கதையே வருகிறது. தொடக்க வரிகள் இப்படி இருந்தன:

“கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. தூரத்தில் உப்பு அம்பாரங்கள் வெள்ளை யானைகளாகப் படுத்துக் கிடந்தன. அலாரம் அடிக்கும் முன்பே அவள் விழித்துக்கொண்டாள்.”

அதன் பிறகு காப்பி, மகனின் சீருடை, டவுன் பஸ், பஸ்ஸில் ஒரு பக்கத்து வீட்டுக்காரி, அப்பா இறந்த வருடம், அண்ணன் படிப்பை விட்டது, எடைமேடை முதலாளியின் குணம், மேடையின் வரலாறு. முதல் இரண்டு பக்கங்களில் 11 பெயர்கள். அவற்றில் கதை முடியும்போது நமக்குத் தேவைப்படுவது இரண்டு. இரண்டாம் பத்தியில் நோக்குநிலை வேறு தடுமாறியது: அவளோடு வீட்டுக்குள் இருந்த கதை திடீரென்று அண்ணன் மனதுக்குள் போய் “இன்றைக்குத் தங்கச்சி மேடையில் இருப்பாளோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தது. கடைசிப் பக்கம் வரை மறைத்து வைக்க வேண்டிய ஒரே விஷயத்தை அந்த வாக்கியம் முதல் பக்கத்திலேயே அவிழ்த்துவிட்டது. தலைப்பு “துரோகம்”. மிச்சம் மீதி இருந்ததையும் அது சொல்லிவிட்டது.

இன்னொரு சிக்கல் முதல் வாசிப்பில் யார் கண்ணிலும் படவில்லை. மேடைக்கு மூன்று வருடமாக மறுமுத்திரை வைக்கவில்லை என்று ஒரு வரி. எடைமேடைகளுக்கு ஆண்டுக்கொரு முறை சோதித்து முத்திரை இட வேண்டும் என்பது விதி. முதலாளியின் கஞ்சத்தனத்தைக் காட்டுவதற்காக எழுத்தாளர் அதைச் சேர்த்திருந்தார். விளைவு வேறு மாதிரி ஆனது. எடைக் கணக்கு தெரிந்த வாசகர், பின்னால் வரும் வித்தியாசத்துக்கு இயந்திரக் கோளாறுதான் காரணம் என்று நினைத்துக்கொள்வார். தொடக்கத்தில் சொல்லும் எதையும் வாசகர் சாட்சியமாக எடுத்து வைத்துக்கொள்வார். அலங்காரத்துக்காகச் சொன்னது எது, கதைக்காகச் சொன்னது எது என்று அந்த இடத்தில் அவரால் பிரிக்க முடியாது.

வாசகர்களிடம் கொடுத்துப் பார்த்தது

ஆசிரியர் உடனே கருத்துச் சொல்லவில்லை. எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு, அகலமான ஓரம் விட்டு அச்சடித்து ஐந்து பேரிடம் கொடுத்தார். அவர்களிடம் கேட்டது இரண்டு விஷயம்: கவனம் விலகிய இடத்தில் ஒரு கோடு போடுங்கள், மனதில் கேள்வி எழுந்தால் அதே இடத்தில் ஓரத்தில் எழுதுங்கள். “நல்லா இருக்கா?” என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் நம் ஊரில் “நல்லாத்தான் இருக்கு” என்பதைத் தவிர வேறு பதில் வராது.

மூன்று பேர் மூன்றாவது, நான்காவது பத்திகளில் கோடு போட்டிருந்தார்கள், பஸ் வருவதற்கு முன்பே. ஓரத்துக் கேள்விகளில் பெரும்பாலானவை “இது யார்?” வகை. கதை எழுப்ப நினைத்த கேள்வி ஒன்றுகூட ஓரத்தில் இல்லை. வாசகரின் மனதில் கேள்வி எழாமல் இல்லை, தவறான கேள்விகள் எழுந்தன என்பது இதிலிருந்து தெரிந்தது.

நான்காமவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவர் கோடே போடவில்லை. விடியலும் அம்பாரங்களும் தனக்கு மிகவும் பிடித்ததாக எழுதியிருந்தார். ஐந்தாமவர் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் பல காலம் வேலை பார்த்தவர். முழுவதும் படித்துவிட்டு ஒரே ஓர் எண்ணைச் சுழித்திருந்தார். கைப்பிரதியில் வித்தியாசம் 347 கிலோ என்று இருந்தது. “60 டன் மேடையில் 7 எங்கிருந்து வரும்? பத்துப் பத்தாகத்தான் ஏறும்” என்பது அவர் குறிப்பு. அத்தனை பெரிய மேடையின் காட்டி பொதுவாக 10 கிலோப் படிகளில்தான் நகரும். 347 என்பது துல்லியமாகத் தெரியட்டும் என்று எழுத்தாளர் போட்ட எண். தெரிந்தவருக்கு அதுவே பொய்யைக் காட்டிக்கொடுத்தது. அதே மனிதர் கீழே இன்னொன்றும் எழுதியிருந்தார்: “டீசல் டேங்க் ரொம்பியிருக்கா காலியா என்பதைப் பொறுத்தே காலி எடை இருநூறு கிலோவுக்கு மேல் மாறும். ஒரே எடை என்று மனப்பாடமாக வைத்திருக்க முடியாது.” டீசல் லிட்டருக்குச் சுமார் 0.83 கிலோ. 300 லிட்டர் டேங்க் என்றால் 250 கிலோ வரும். கதை நிற்கும் அச்சாணியே ஆடுகிறது என்று பொருள்.

வரி வரியாகக் குறியிட்டது

வாசகர் குறிப்புகளை அப்படியே எழுத்தாளருக்கு அனுப்பினால் “முதல் பக்கம் போர் அடிக்குது” என்ற அளவில்தான் அது போய்ச் சேரும். காரணம் தெரிய வேண்டும் என்று ஆசிரியர் தொல்காப்பியத்தின் முதல், கரு, உரி என்னும் முப்பொருள் பகுப்பைச் சற்றுத் தாராளமாகக் கடன் வாங்கினார். முதல் பக்கத்து வாக்கியம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. இடமும் பொழுதும் சொன்னால் ‘மு’. அங்குள்ள பொருள், தொழில், ஆட்கள், பழக்கம் சொன்னால் ‘க’. இருவருக்கு இடையே ஓடும் உணர்வையோ, நெருக்கடியையோ தொட்டால் ‘உ’. பாடலில் முதலைவிடக் கருவும், கருவைவிட உரியும் சிறந்தது என்பதுதான் அந்த இலக்கணத்தின் வரிசை. இந்தக் கதையின் முதல் 20 வாக்கியங்களில் 13 ‘மு’, 6 ‘க’, ஒரே ஒரு ‘உ’. அந்த ஓர் ‘உ’வும் அண்ணன் மனதுக்குள் தவறிப் போன அந்த வாக்கியம்தான்.

இந்தக் குறியீட்டுக்கு ஒரு வசதி உண்டு. எந்த வாக்கியமும் மோசம் என்று அது சொல்லாது. விகிதத்தை மட்டும் காட்டும்.

எழுத்தாளர் தொலைபேசியில் இதை ஏற்கவில்லை. “கம்பரே ஆற்றுப்படலத்துலதான சார் ஆரம்பிக்கிறார்? அப்புறம் நாடு, நகரம்னு எவ்வளவு போகுது” என்றார். நியாயமான வாதம், அடிக்கடி வருவதும்கூட. ஆசிரியர் சொன்ன பதில்: “கம்பர் பாடும்போது கேட்டவங்க எல்லாருக்கும் ராமன் யாருன்னு தெரியும், சீதை யாருன்னு தெரியும். தெரிஞ்ச கதைக்கு ஆறு எவ்வளவு நீளமா ஓடினாலும் ஆள் எழுந்து போக மாட்டாங்க. உங்க எடைமேடைக்காரியை யாருக்கும்மா தெரியும்?”

முதல் தீர்மானம்: 1,450 சொற்களையும் வெட்டுவது

துணை ஆசிரியரின் யோசனை நேரானது. கதை தொடங்கும் இடத்திலேயே தொடங்கலாம், முந்தையதைத் தூக்கிவிடலாம். அவர் மேற்கோள் காட்டியது ரோமானியக் கவிஞர் ஹொரேஸை. டிராய்ப் போர்க் கதையை ஹெலன் பிறந்த இரட்டை முட்டையிலிருந்து, அதாவது ஆதியிலிருந்து, தொடங்காமல், கேட்பவரை நிகழ்ச்சிகளின் நடுவே கொண்டுபோய் விட்டதற்காகக் கிரேக்கக் கவிஞர் ஹோமரை ஹொரேஸ் புகழ்ந்தது எல்லா எழுத்துப் பட்டறைகளிலும் சொல்லப்படுவதுதான். எழுத்தாளரும் சரி என்று, ஒரு படி மேலே போய், கடைசிக் காட்சியின் சண்டையையே முன்னால் கொண்டுவந்தார். இரண்டாம் வடிவம் இப்படித் தொடங்கியது:

“‘எறங்குங்க! எல்லாரும் எறங்குங்க!’ அவள் கத்தினாள். அவன் கண்கள் சிவந்தன. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை நடுங்கியது.”

அதன் பிறகு “மூன்று மணி நேரத்துக்கு முன்பு” என்று ஒரு பின்கதை, 900 சொற்களுக்கு. வெட்டிய விடியலும் டவுன் பஸ்ஸும் அதற்குள் பத்திரமாகத் திரும்பி வந்திருந்தன.

இது முதல் வடிவத்தைவிட மோசம். ஏன் என்று கண்டுபிடிக்கக் குழுவுக்குச் சற்று நேரம் ஆனது. சத்தம் இருக்கிறது, வேகம் இருக்கிறது. ஆனால் வாசகருக்குக் காலி எடை என்றால் என்னவென்று தெரியாது, எறங்கச் சொல்வதில் என்ன தைரியம் இருக்கிறது என்றும் தெரியாது. தெரியாதவர்கள் இருவரின் சண்டையை எதிர் பிளாட்பாரத்திலிருந்து பார்க்கிற மாதிரிதான் அது. போதாக்குறைக்கு, கடைசிப் பக்கம் வெறும் மறு ஒளிபரப்பாகிவிட்டது. கதையின் ஒரே வெடிமருந்து முதல் வரியிலேயே செலவாகிவிட்டிருந்தது.

இந்த இடத்தில்தான் கம்பர் வாதமும் ஹொரேஸ் வாதமும் ஒரே காரணத்தால் விழுகின்றன என்பது குழுவுக்குப் பிடிபட்டது. ஹோமரைக் கேட்டவர்களுக்கும் டிராய்க் கதை தெரியும். தெரிந்த கதையை ஆற்றிலிருந்தும் தொடங்கலாம், நடுவிலிருந்தும் தொடங்கலாம். யாருக்கும் தெரியாத ஆட்களைப் பற்றிய கதைக்கு இரண்டுமே நேரடியாகப் பொருந்தாது. மீறல் புரிய வேண்டுமானால் வழக்கம் என்னவென்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். முதல் வடிவத்தில் வழக்கம் மட்டும் இருந்தது, இரண்டாவதில் மீறல் மட்டும் இருந்தது.

இரண்டாம் வடிவத்தைப் புதிதாக நான்கு பேரிடம் கொடுத்தார்கள். பழைய ஐவரிடம் மறுபடி கொடுப்பதில் பயனில்லை. ஒரு தொடக்கத்தை ஒருவர் முதல் முறையாக ஒரு தடவைதான் படிக்க முடியும். நால்வரில் மூன்று பேர் லாரி ஓட்டுகிறவன் அவள் புருஷன் என்று நினைத்திருந்தார்கள். கதையில் அவள் அவனை “அண்ணே” என்றுதான் கூப்பிடுகிறாள். தமிழ்நாட்டில் எந்த லாரிக்காரரையும் எந்தக் கடைக்காரரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பதால் அது எதையும் நிரூபிக்கவில்லை. கண் சிவப்பதும் கை நடுங்குவதும் சினிமாப் புருஷனுக்கு உரிய அடையாளங்கள் என்பதால் வாசகர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி வந்தது

அடுத்து ஆசிரியர் தொடக்கத்தைப் பற்றிப் பேசுவதையே நிறுத்தினார். எழுத்தாளரிடம் கேட்டது இது: “கடைசி வரி வாசகரைத் தைக்கணும்னா, அதுக்கு முன்னாடி அவருக்கு என்னென்ன தெரிஞ்சிருக்கணும்? தெரிஞ்சா நல்லதுங்கறது வேண்டாம். தெரியாட்டா வரி செத்துப்போகும்ங்கறதை மட்டும் எழுதுங்க.”

பட்டியலில் நான்கு வந்தன. காலி எடை கூடினால் உப்பு விற்பவருக்கு நஷ்டம். இந்த லாரியின் எடை அவளுக்கு அத்துப்படி. ஓட்டுகிறவன் கூடப் பிறந்தவன், பாசமானவன், வேலை வாங்கித் தந்தவன். அவள் அவனை எதிர்த்து இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

முதல் வடிவத்தில் லாரி வருமுன் வாசகருக்குச் சொல்லப்பட்ட தனித்தனித் தகவல்களை எண்ணினால் 23. அவற்றில் இந்த நான்கில் மூன்று இருந்தன. மிக முக்கியமான முதலாவது இல்லவே இல்லை. எழுத்தாளருக்கு அது பாலபாடம் என்பதால் விளக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. ஒரு தொழிலுக்குள் வளர்ந்தவர்கள் எழுதும் கதைகளில் இது திரும்பத் திரும்ப நடப்பது. எல்லாருக்கும் தெரிந்த காப்பியை விளக்கிவிட்டு, யாருக்கும் தெரியாத காலி எடையை விட்டுவிடுவார்கள்.

இனி தொடங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குழு வைத்துக்கொண்ட அளவுகோல்: நான்கையும் நடக்கிற காட்சிக்குள்ளேயே வாசகர் தெரிந்துகொள்ளும்படி வைக்க முடிகிற, அப்படிப்பட்ட இடங்களிலேயே மிகப் பிந்திய இடம். வீட்டில் தொடங்கினால் சீக்கிரம். சண்டையில் தொடங்கினால் தாமதம். லாரி மேடையில் ஏறி, எண் திரையில் நின்று, அவள் இன்னும் சீட்டு அடிக்காத நேரம் சரியாக வந்தது. அவள் விரல் பொத்தானுக்கு மேல் நிற்கிற அந்தச் சில நிமிடங்களுக்குள் முழுக் கதையையும் நடத்திவிடலாம்.

மூன்றாம் வடிவம்

முதல் பத்தி, அச்சானபடி:

“டேங்க் நிறைய டீசல் அடித்திருந்தாலும் அந்த லாரி காலியாக 10,080-ஐத் தாண்டாது. திரையில் 10,420 நின்றது. கச்சான் இன்னும் எழும்பவில்லை. எண் ஆடவும் இல்லை. அவள் சீட்டு அடிக்கவில்லை. ஜன்னல் கம்பிக்கு வெளியே தூக்குவாளி ஒன்று உயர்ந்தது. ‘அம்மா குடுத்துவிட்டா. ஆறுறதுக்குள்ள தின்னுரு’ என்றான்.”

ஒவ்வொரு வாக்கியமும் எதற்காக அங்கே இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், திருத்தத்தின் பெரும் பகுதி இந்த ஆறேழு வரிகளில்தான் நடந்தது.

முதல் வாக்கியம் வழக்கம். இரண்டாவது மீறல். விடியல், அலாரம், பஸ் எல்லாம் சேர்ந்து 1,450 சொற்களில் ஏற்படுத்தப் பார்த்த ‘தினசரி’ என்கிற உணர்வை ‘தாண்டாது’ என்ற ஒரு வினைச்சொல் தந்துவிடுகிறது. புக்கிங் ஆபீஸ்காரர் எழுப்பிய டீசல் சந்தேகமும் இதற்குள்ளேயே தீர்ந்தது. முதலில் 9,840 என்று டேங்க் காலியாக இருக்கும்போதைய எடையையும் சேர்த்து மூன்று எண்கள் இருந்தன. மூன்று எண்கள் வந்ததும் வாசகர் கணக்குப் பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி ஆகிவிடுகிறார் என்று அதை எடுத்தார்கள். மேல் வரம்பு ஒன்று போதும். அதைத் தாண்டியது ஏதோ இருக்கக் கூடாதது என்பது தானாகப் புரியும்.

கச்சான் என்பது மேல்காற்று. அந்த வாக்கியம் வந்தது முதல் சுற்றில் படித்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரால். மூன்றாம் வடிவத்தின் முதல் படியை அவருக்கு மரியாதைக்காகக் காட்டியபோது, “கதை ஓடுது. ஊரைக் காணோமே” என்றார். அவர் சொன்னது சரி. வெட்டுகிற வேகத்தில் உப்பளமே காணாமல் போயிருந்தது. எழுத்தாளர் பழைய பக்கங்களைத் தேடி மேல்காற்றைப் பற்றிய ஒரு வரியை எடுத்தார். பலத்த காற்றில் மேடையில் நிற்கும் லாரியின் எண் பத்து, இருபது கிலோ முன்பின் ஆடும். அதனால் காற்று இல்லை என்று சொல்வது நிலத்தையும் பொழுதையும் சொல்கிறது. அத்துடன், இந்த எண்ணுக்குக் காற்றைச் சாக்காகச் சொல்ல முடியாது என்றும் சொல்கிறது. ‘மு’ என்று குறியிட்ட வாக்கியம் ‘உ’ வேலையைச் செய்த இடம் இது. தொடக்கத்தில் வருணனை இருக்கலாமா என்ற பொதுக் கேள்விக்கு இதைவிட நல்ல விடை குழுவிடம் இல்லை.

தூக்குவாளிதான் உறவைச் சொல்கிறது. “அம்மா குடுத்துவிட்டா” என்றதும் புருஷன் என்ற குழப்பம் போகிறது. அவன் தின்னச் சொல்கிற தொனியில் பாசமும் அதட்டலும் சேர்ந்தே இருக்கின்றன. அவள் எதிர்த்துப் பேசியதில்லை என்பதைச் சொல்ல, அடுத்த பத்தியில் அவள் மறு பேச்சில்லாமல் வாளியை வாங்கி வைப்பது போதுமானதாக இருந்தது.

கழித்தல் கணக்கை எங்கே விளக்குவது என்பதில்தான் இழுபறி. கதைசொல்லி விளக்கினால் பாடப்புத்தகம் ஆகிறது. கடைசியில், லாரிக்கு இடம் காட்டக் கூடப் போவதற்காக வந்து நிற்கும் உப்புக்காரக் கிழவியின் கையில் நேற்றைய சீட்டைக் கொடுத்தார்கள். “இதுல எத்தன டன்னு போட்டிருக்கு, படிச்சுச் சொல்லு தாயி” என்று அவள் நீட்டுகிறாள். மொத்தம் 27,900. காலி 10,410. கழித்தால் 17,490. படித்துக்கொண்டிருக்கும்போதே எடைமேடைக்காரிக்கு நடு எண் உறைக்கிறது. நேற்று ராத்திரி ஷிப்டில் வேறொருவன் அடித்த சீட்டு அது.

விளக்கம் தருவதற்காக மட்டும் உள்ளே வந்த சீட்டு, இது இன்று மட்டும் நடப்பதில்லை என்பதையும் காட்டிவிட்டது. இதை யாரும் யோசனையாகச் சொல்லவில்லை. விளக்கத்தை யார் கையில் கொடுக்கலாம் என்று தேடும்போது எழுத்தாளருக்கே அகப்பட்டது.

மற்றவை சீக்கிரம் முடிந்தன. முதல் பக்கத்தில் பெயர்கள் ஒன்றுமில்லை. நோக்குநிலை கடைசி வரை அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. தார்ப்பாய்க்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவள் பார்க்க முடியாததால் வாசகரும் பார்க்க முடியாது. முத்திரை வரி நீக்கப்பட்டது. வித்தியாசம் 340 ஆனது. தலைப்பு “காலி எடை” என்று மாறியதால், தொழில்சொல் முதல் வரிக்கு முன்பே வாசகருக்கு அறிமுகமாகிவிடுகிறது.

வெட்டியவற்றை எழுத்தாளர் தனிக் கோப்பில் வைத்திருந்தார். சுமார் 300 சொற்கள் திரும்பி வந்தன, எல்லாம் கதையின் பிற்பாதியில். அப்பாவின் சாவும் அண்ணன் படிப்பை விட்டதும் முன்பு ஒரு பக்கம். இப்போது அவள் பொத்தானிலிருந்து விரலை எடுக்கும் இடத்தில் இரண்டு வாக்கியங்கள். அங்கே அவை தடையாக இல்லை, அவளுடைய தயக்கத்துக்குக் காரணமாக இருக்கின்றன. டவுன் பஸ் திரும்பி வரவில்லை.

பின்விளைவு

இறுதி வடிவம் சுமார் 2,900 சொற்கள். அச்சுக்குப் போகுமுன் இதுவரை படிக்காத நான்கு பேரிடம் போனது. முதல் பக்கத்தில் கோடு எதுவும் விழவில்லை. ஓரத்துக் கேள்விகளில் மூன்று ஏறத்தாழ ஒன்றே: “எடை ஏன் கூடியது?” இந்தக் கேள்வி முதல் பக்கத்தில் வர வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும். நான்காமவர், எடைமேடையையே பார்த்திராத நகரத்து வாசகர், “திரை” என்பதைச் சினிமாத் திரை என்று ஒரு கணம் நினைத்ததாக எழுதியிருந்தார். தலைப்பும் அடுத்த வரிகளும் அதைச் சரி செய்துவிடுகின்றன என்று அப்படியே விட்டார்கள்.

புக்கிங் ஆபீஸ்காரர் அச்சில் படித்துவிட்டு எண்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த இராத்திரி ஷிப்டுக்காரனுக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டார்.

இனி மாற்றிக்கொள்வது

கதை ஏற்கத்தக்கது, தொடக்கம் மட்டும் இடறுகிறது என்றால், முதலில் எழுத்தாளரிடம் கேட்பது கடைசிப் பக்கத்துக்குத் தேவையான தகவல்களின் பட்டியல். இங்கே அது மூன்றாவது கட்டத்தில்தான் கேட்கப்பட்டது. முதலிலேயே கேட்டிருந்தால் இரண்டாம் வடிவம் எழுதப்பட்டிருக்காது. பட்டியல் நான்கைந்துக்கு மேல் போனால், பெரும்பாலும் சிக்கல் தொடக்கத்தில் இல்லை: சிறுகதைக்குள் நாவல் மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது முடிவு வெளியிலிருந்து வருகிறது.

“முதல் மூன்று பக்கத்தை வெட்டுங்கள்” என்று மட்டும் சொல்லி அனுப்புவதில்லை. வெட்டப்படுவதில் கதைக்குத் தேவையானது எது, அது எந்தக் காட்சியில், யார் வாய் வழியாக அல்லது எந்தப் பொருள் வழியாகத் திரும்பி வரும் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். பேசாவிட்டால் அது “மூன்று மணி நேரத்துக்கு முன்பு” என்று கொல்லைப்புறம் வழியாக வந்துவிடும்.

தொழில் சார்ந்த கதை என்றால் அந்தத் தொழில் தெரிந்த ஒருவரையும் தெரியாத ஒருவரையும் முதல் சுற்றிலேயே சேர்ப்பது. தெரிந்தவர் பொய்யைப் பிடிப்பார். தெரியாதவர் விடுபட்டதைப் பிடிப்பார். ஒருவர் வேலையை மற்றவர் செய்ய முடியாது. புது வாசகர்களை எல்லாரையும் முதல் சுற்றிலேயே செலவழித்துவிடக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்தது; இந்த முறை கடைசிச் சுற்றுக்கு ஆள் தேட வேண்டியதாயிற்று.

மு, க, உ குறியீடு தொடரும். அதில் ‘உ’ எத்தனை இருக்க வேண்டும் என்று எண்ணிக்கை வைக்கும் யோசனை கைவிடப்பட்டது. கச்சான் வாக்கியத்துக்கு எந்த எழுத்தைப் போடுவது என்பதில் ஆசிரியருக்கும் துணை ஆசிரியருக்கும் இன்னும் உடன்பாடு இல்லை. முதல் வரியில் எண்ணுக்குப் பதிலாக வேறு ஏதாவது இருந்திருக்கலாம் என்பது துணை ஆசிரியரின் கருத்து. எழுத்தாளர் மறுத்துவிட்டார், எண் அப்படியே இருக்கிறது.